தாத்தாவோட டிரங்க் பெட்டியில பழைய ரயில்வே சாமான், மேட்டுப்பாளையம் மியூசியத்துக்குக் குடுக்கலாமா?

காரமடைக்காரி:

வணக்கம் எல்லாருக்கும். ரயில் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கோங்க. எங்க அம்மாவோட அப்பா ரயில்வேல வேலை பாத்தவரு. மொதல்ல திண்டுக்கல் - பொள்ளாச்சி மீட்டர் கேஜ் (அகலம் கம்மியான பாதை) லைன்ல பாயிண்ட்ஸ்மேன், அதாவது வண்டி போற தண்டவாளத்த மாத்தி விடுறவரு, அப்புறம் மாறுதல் கேட்டு வாங்கிக்கிட்டு மலை ரயிலுக்கு வந்து, ஊட்டி வண்டியில பிரேக்ஸ்மேனா இருந்து எண்பதுகள்ல ரிட்டயர் ஆனாரு. தாத்தா இப்ப இல்ல, பாட்டி இருக்காங்க, ஞாபகமெல்லாம் நல்லாவே இருக்கு.

வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம்னு அட்டாலியில இருந்த டிரங்க் பெட்டியக் கீழ இறக்குனோம். உள்ள இருந்ததெல்லாம் பாத்தா ஒரு கெரசின் கை விளக்கு, மேல பிடியத் திருப்புனா உள்ள கண்ணாடி மாறுது, ஒண்ணு சிவப்பு, இன்னொண்ணு பச்சையா இருக்கணும்ல ஆனா வெயில்ல புடிச்சுப் பாத்தா நீலமா இருக்கு, யாராவது கண்ணாடிய மாத்திட்டாங்களான்னு தெரியல. அப்புறம் ஒரு விசில், மடிச்சு வச்ச சிவப்புக் கொடி பச்சைக் கொடி ரெண்டும் (குச்சியோட, பச்சை ரொம்ப வெளுத்துப் போச்சு), ரப்பர் பேண்ட் போட்டு ஒட்டிக்கிட்ட பழைய அட்டை டிக்கெட் ஒரு கட்டு, கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு இரும்பு உருண்டை, அதுல ஏதோ எழுத்து வெட்டியிருக்கு தேஞ்சு போச்சு, பல்லுப் பல்லா இருக்குற ஒரு கனமான இரும்புத் துண்டு, கடைசியா ஒரு வட்டமான தகர டப்பி, ரெண்டு பக்கமும் வளையுற மாதிரி பட்டை இருக்கு, மூடியத் திறக்கவே முடியல.

என் தம்பி எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டா நல்ல விலைக்குப் போகும்ங்குறான். மாமா ஷோகேஸ்ல வைக்கலாம்ங்குறாரு. அம்மாவுக்கு மட்டும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல இருக்குற மலை ரயில் மியூசியத்துக்குக் குடுக்கணும்னு ஆசை, தாத்தா காலைல வேலைக்கு ஏறுன இடமே அதுதான்ங்குறாங்க. எனக்கும் அம்மா பக்கம்தான் மனசு. ஆனா சின்ன ஊர் மியூசியம், குடுத்தா ஒழுங்கா வைப்பாங்களா, யாராவது நின்னு பாப்பாங்களா, இல்ல திருச்சி ரயில் மியூசியம் மாதிரி பெரிய இடத்துக்குக் குடுக்குறது நல்லதா? இந்த உருண்டையும் டப்பியும் என்னன்னு தெரிஞ்சவங்க சொன்னாலும் புண்ணியமாப் போகும்.

லைன்கிளியர்:

ஏம்மா, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், அந்தத் தகர டப்பிய மொதல்ல கைல எடுக்குறத நிறுத்துங்க. திறக்கப் பாக்காதீங்க, தட்டாதீங்க, கீழ போடாதீங்க, வெயில்லயும் அடுப்புப் பக்கத்துலயும் வைக்காதீங்க, குழந்தைங்க எடுக்காத இடமா அப்படியே விட்டுருங்க. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது டெட்டனேட்டர், உள்ள வெடிமருந்து இருக்கும். அந்தப் பட்டை தண்டவாளத்து மேல வச்சு மடக்கிப் பிடிக்க வைக்குறதுக்கு. வண்டிச் சக்கரம் ஏறுனா வெடிக்கும், அந்தச் சத்தத்துல டிரைவர் நிறுத்துவாரு. பனிமூட்டத்துல கைகாட்டி தெரியாதப்ப, இல்ல முன்னாடி வண்டி நடுவழியில நின்னுபோச்சுன்னா பின்னாடி வர்ற வண்டியத் தடுக்க வைப்போம். அகலப் பாதையில வழக்கம் என்னன்னா வண்டியோட கடைசியில இருக்குற கார்டு நடந்து போயி 600 மீட்டர்ல ஒண்ணு, 1200 மீட்டர்ல 10 மீட்டர் இடைவெளி விட்டு மூணு வைக்கணும். பழசானா மருந்து செத்துப் போயிருக்கும்னு நெனக்கக் கூடாது, பழசுதான் எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது. பக்கத்து ஸ்டேஷன்ல ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆளுங்ககிட்ட, இல்ல உள்ளூர் போலீஸ்கிட்ட போன் பண்ணிச் சொல்லுங்க, அவங்க வந்து எடுத்துக்கட்டும். நீங்களா பைல போட்டு பஸ்ல தூக்கிட்டுப் போயிராதீங்க.

சரி, இப்ப உருண்டைக்கு வர்றேன். நான் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், அதுல பாதி சர்வீஸ் மீட்டர் கேஜ்லதான், அதனால அத நீங்க எழுதுனதப் படிச்சதும் கை தன்னால துடிச்சுருச்சு. அது நீல்ஸ் பால் டோக்கன். ஒத்தை லைன்ல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் இருக்கணும், ரெண்டு வந்துட்டா நேருக்கு நேர்தான். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இந்த ஸ்டேஷன்ல ஒரு மெஷின், அடுத்த ஸ்டேஷன்ல ஒரு மெஷின், ரெண்டும் கம்பி மூலமாப் பின்னிக்கிட்டு இருக்கும். நான் மணியடிச்சு லைன் கிளியர் கேப்பேன், அந்தப் பக்கத்து மாஸ்டர் தன் லைன் காலியா இருக்குன்னு பாத்து அங்க இருந்து குடுத்தாத்தான் என் மெஷின்ல உருண்டை ஒண்ணு விழும். அது வெளிய வந்த நிமிஷத்துல இருந்து திரும்ப ஏதாவது ஒரு மெஷின்ல போடுற வரைக்கும் ரெண்டு பக்கமும் இன்னொரு உருண்டை வராது. டிரைவருக்கு அந்த உருண்டை கைக்கு வந்தாத்தான் வண்டிய நகத்த அத்தாட்சி.

உருண்டையத் தோல் பையில போட்டு, பைய ஒரு பெரிய பிரம்பு வளையத்துல மாட்டி, நிக்காமப் போற வண்டிக்கு நம்ம ஆளு பிளாட்பாரத்து ஓரத்துல வளையத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பான், எஞ்சின்ல இருந்து ஃபயர்மேன் கைய நீட்டி முழங்கையில வாங்கிக்குவாரு, அதே நேரத்துல முந்தின ஸ்டேஷன்ல வாங்குன வளையத்தக் கழட்டிக் கீழ விடுவாரு. ராத்திரி மழையில பந்தத்த ஒரு கைல புடிச்சுக்கிட்டு இதச் செய்யணும். உங்க தாத்தா பாயிண்ட்ஸ்மேன்னு சொன்னீங்க, சின்ன ஸ்டேஷன்கள்ல அவங்கதான் இந்த வேலையும் பாப்பாங்க. அவரு முழங்கைக்கு மேல தழும்பு இருந்துச்சான்னு பாட்டியக் கேட்டுப் பாருங்க. உருண்டை மேல வெட்டியிருக்குற எழுத்து அது எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல உள்ளதுங்குறதுக்கு. தேய்ச்சுப் படிக்கப் பாக்காதீங்க, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுங்க, தெரியும்.

விளக்குல யாரும் கண்ணாடி மாத்தல. கெரசின் திரி எரியுறது மஞ்ச வெளிச்சம், மஞ்சளுக்கு முன்னாடி பச்சைக் கண்ணாடி வச்சா தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு மங்கலா வெளிறித் தெரியும், நீலம் கலந்த கண்ணாடி வச்சாத்தான் நல்ல பச்சையாத் தெரியும். அதனால வெயில்ல நீலம், திரி ஏத்துனாப் பச்சை. மியூசியத்துல குடுத்தீங்கன்னா இத எழுதி வைக்கச் சொல்லுங்க, நிறைய இடத்துல இத எழுதாம விட்டுர்றாங்க, பாக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாமப் போகுது.

அட்டை டிக்கெட்டுக்குப் பேரு எட்மண்ட்சன் டிக்கெட். தாமஸ் எட்மண்ட்சன்னு இங்கிலாந்துல ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அதுக்கு முன்னாடி மரச்சாமான் செய்யுற தொழில் பாத்தவரு, 1830கள்ல கண்டுபிடிச்சது. அதுக்கு முன்னால ஒவ்வொருத்தனுக்கும் கையால எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. இவரு ரெண்டேகால் அங்குல அட்டையில வரிசை நம்பர் அடிச்சு, தேதி குத்துறதுக்கு ஒரு சின்ன பிரஸ்ஸும் பண்ணுனாரு. எங்க காலத்துல ஷிப்ட் முடியுறப்ப ஒவ்வொரு ஊரு டிக்கெட்டுலயும் ஆரம்ப நம்பர் என்ன, இப்ப மேல நிக்குற நம்பர் என்ன, கழிச்சா எத்தன வித்துச்சுன்னு வந்துரும், பெட்டியில அந்தப் பணம் இருக்கணும், இல்லன்னா நம்ம கையில இருந்து போடணும். உங்க கட்டுல தேதி ஓரத்துல குழிஞ்சு இருக்கும், மை இல்லாம அழுத்தி அடிச்சது, அதையும் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குன்னு எழுதிப் போட்டீங்கன்னா நான் இன்னும் சொல்றேன்.

குன்னூர்_குளிர்:

லைன்கிளியர் ஐயா சொன்னதுக்கு அப்புறம் அந்த டப்பிக்கு மறு பேச்சே இல்லீங்க, மொதல்ல அதப் பாருங்க.

பல்லு இருக்குற இரும்புத் துண்டு மலை ரயிலோட ரேக் பார். எங்கப்பா குன்னூர் லோகோ ஷெட்ல இருந்தாருங்க, அதனால இது எனக்குக் கொஞ்சம் தெரியும். மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் சாதாரணத் தண்டவாளம்தான், கல்லாறு தாண்டுனதும் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இந்தப் பல்லு வச்ச பட்டை ஆரம்பிக்கும், குன்னூர் வரைக்கும் போகும். அந்தப் பகுதியில ஏத்தம் பன்னண்டரை அடி போனா ஒரு அடி ஏறுற அளவு, வெறும் சக்கரத்த நம்பி ஏறுனா வழுக்கிரும். ஆப்ட்னு ஒரு சுவிஸ் இன்ஜினியரோட முறை இது, ஒரு பட்டை இல்லீங்க, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பட்டை, இந்தப் பட்டையில பல்லு இருக்குற இடத்துல அந்தப் பட்டையில பள்ளம், அப்படி மாத்தி மாத்தி வச்சிருப்பாங்க. அப்பத்தான் எஞ்சின்ல இருக்குற பல்சக்கரம் எந்த நிமிஷமும் ஏதாவது ஒரு பல்லக் கடிச்சுக்கிட்டே இருக்கும், விட்டுட்டுப் புடிக்குற வேலையே கிடையாது. உங்க துண்டுல பல்லோட ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா அது உழைச்ச துண்டு.

எஞ்சின் எக்ஸ் கிளாஸ், சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்ல பண்ணுனது. நாலு சிலிண்டர், நீராவி மொதல்ல ரெண்டு சிலிண்டர்ல போயி சாதாரணச் சக்கரத்த ஓட்டும், அதுல மிச்சம் வர்ற நீராவி வீணாப் போகாம அடுத்த ரெண்டு பெரிய சிலிண்டருக்குப் போயி பல்சக்கரத்தத் திருப்பும். பிற்பாடு திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்லயே புதுசா எக்ஸ் கிளாஸ் எஞ்சின் செஞ்சாங்க, அது நம்மாளுங்க கையால வந்த எஞ்சின், எனக்கு அதுல பெரிய பெருமை. லைன் மேட்டுப்பாளையம் - குன்னூர் 1899ல திறந்தது, ஊட்டி வரைக்கும் போனது 1908ல. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு.

ஆனா நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இது இல்லீங்க. நீங்க எழுதுனதுல கொடியையும் விசிலையும் ஒரு வரியில தாண்டிட்டீங்க, எனக்கு அந்தப் பெட்டியில பெரிய பொருளே அதுதான். மலை ரயில்ல எஞ்சின் முன்னாடி இழுக்காதுங்க, ஏறும்போதும் எறங்கும்போதும் எப்பவுமே கீழ்ப்பக்கம்தான் நிக்கும், ஏறுறப்ப பின்னாடி இருந்து தள்ளும். ஏதாவது கழண்டுச்சுன்னா பெட்டிங்க உருண்டு வந்து எஞ்சின் மேலதான் சாயணும்ங்குறதுக்காக அப்படி. அப்ப டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது, பெட்டி மறைச்சுக்கிட்டு நிக்கும். முன் பெட்டியோட மேடையில நிக்குற பிரேக்ஸ்மேன்தான் வண்டியோட கண்ணு. பாறை விழுந்து கெடக்கா, மண்ணு சரிஞ்சிருக்கா, கல்லாறு பக்கம் யானை நிக்குதான்னு பாத்து அவரு கொடியக் காட்டுவாரு, அடுத்த பெட்டிக்காரரு பாத்து அவரு காட்டுவாரு, அப்படியே கடைசி பெட்டி வரைக்கும் வந்து டிரைவருக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆளு, சக்கரத்துக்கு ஒரு பிரேக், ரேக்குல கடிக்குற பல்சக்கரத்துக்கு இன்னொரு பிரேக், எறங்குறப்ப ரெண்டையும் கையாலயே சுத்திச் சுத்தி ஒரே அளவுல புடிக்கணும், ஒருத்தர் ஜாஸ்தி புடிச்சு ஒருத்தர் கம்மியாப் புடிச்சா வண்டி இழுத்து இழுத்து ஆடும். வெளிய தெறந்த மேடை, நவம்பர் மழையில ஹில்குரோவ் தாண்டிப் போறப்ப ஊசி மாதிரி அடிக்கும்.

இத்தனை வேலையும் செஞ்ச மனுசங்க பேரு எங்கயும் பெருசா இல்ல. எஞ்சினுக்கு போட்டோ இருக்கு, மாடல் பண்றாங்க, வெள்ளைக்கார இன்ஜினியருங்க பேரு புத்தகத்துல இருக்கு, பிரேக்ஸ்மேன் கொடிய யாரு எடுத்து வச்சா? அதனால கண்டிப்பா மேட்டுப்பாளையத்துக்கே குடுங்க. நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வர்ற கூட்டம் காலைல ஆறேகால் வாக்குல எறங்கி ஏழு மணி சுமாருக்குக் கெளம்புற மலை வண்டிக்கு ஓடுது, நடுவுல டீ குடிச்சுக்கிட்டு சும்மா நிக்குறவங்கதான் அதிகம். அவங்க ஏறப்போற வண்டியில இன்னிக்கும் பிரேக்ஸ்மேன் கொடியோட நிக்குறாரு. மியூசியத்துல அந்தக் கொடியப் பாத்துட்டுப் போயி ஏறுறவங்க அவரப் பாக்குற பார்வையே வேறயா இருக்கும். திருச்சியில இது நடக்காதுங்க.

காரமடைக்காரி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, படிச்சுட்டு அம்மாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். டப்பிய யாரும் தொடல, அந்த ரூமப் பூட்டிட்டு மாமா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிட்டாரு, ஆள் அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க. பாட்டிகிட்ட தழும்பு பத்திக் கேட்டேன், இடது கை முழங்கைக்கு மேல இருந்துச்சாம், "மழை நாள்ல அது வலிக்கும்பாரு, தேங்காயெண்ணெய் சுட வச்சுத் தேச்சு விடுவேன்"னாங்க. டார்ச் அடிச்சுப் பாத்தோம், உருண்டையில பாதி எழுத்துத் தெரியுது, பழநி மாதிரி இருக்கு, இன்னொரு ஊர் படிக்க முடியல. டிக்கெட்டுல முக்கால்வாசி குன்னூர், மேட்டுப்பாளையம்தான். இரும்புத் துண்டுல ஒரு பக்கம் நெஜமாவே பளபளன்னு இருக்கு. குடுக்குறதுன்னு முடிவாயிருச்சு, எப்படிக் குடுக்குறதுன்னு யாராவது சொல்லுங்களேன். சும்மா கொண்டு போயி நீட்டிரலாமா?

அட்டைடிக்கெட்:

சும்மா நீட்டிராதீங்க சிஸ்டர். நான் டிக்கெட், பட்டன், லேபிள் மாதிரி காகிதச் சாமான் சேக்குறவன், சின்ன மியூசியம் நிறையச் சுத்தியிருக்கேன், என் மனசுல ரொம்ப நாளா இருக்குறத இங்க கொட்டுறேன்.

மொதல்ல சட்டம். ரயில்வே சொத்த அத்தாட்சி இல்லாம வச்சிருக்குறதுக்கு 1966லயே தனிச் சட்டம் இருக்கு, அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில் போட முடியும். டோக்கன், ரேக் பார் ரெண்டும் ரயில்வேயோட பொருள்னு பாத்தாலே தெரியும். ஏலத்துல எடுத்து ரசீது இருந்தா அது வேற விஷயம், உங்ககிட்ட அது இருக்காதுன்னு நெனக்கிறேன். அதனால உங்க தம்பி ஆன்லைன்ல போடுற யோசனைய இன்னிக்கே விட்டுரச் சொல்லுங்க. அதே பொருளக் குடும்பமாப் போயி, இது எங்க தாத்தா பெட்டியில இருந்துச்சு, ரயில்வே மியூசியத்துக்கே ஒப்படைக்கிறோம்னு எழுத்துல குடுத்தா மரியாதையா வாங்கிக்குவாங்க. மேட்டுப்பாளையம் சேலம் கோட்டத்துல வருது, ஸ்டேஷன்ல குடுக்குற லெட்டர்ல ஒரு காப்பிய கோட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்க. பொருள் பட்டியல், ஒவ்வொண்ணுக்கும் போட்டோ, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து சீல், இந்த மூணும் இல்லாம கையில இருந்து விடாதீங்க. ஏன்னா ரயில்வேல ஆபீசர் மாறிக்கிட்டே இருப்பாங்க, இன்னிக்கு ஆர்வமா வாங்கி வச்சவரு நாளைக்கு வேற ஊர்ல இருப்பாரு, அடுத்து வர்றவருக்கு ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதான் தெரியும்.

ரெண்டாவது, தயவுசெஞ்சு எதையும் சுத்தம் பண்ணாதீங்க. விளக்கப் புளி போட்டுத் தேய்க்கணும்னு வீட்ல கை பரபரன்னு இருக்கும், தேச்சா அதுல இருக்குற முத்திரையும் எழுத்தும் கரைஞ்சு போகும், கைப்பிடியில தாத்தா கை பட்டுத் தேஞ்ச இடம் எதுன்னே தெரியாமப் போகும். மெத்துன்னு ஒரு பிரஷ்ல தூசியத் தட்டுனாப் போதும். டிக்கெட்ட லேமினேட் பண்ணிராதீங்க, செலோ டேப் ஒட்டாதீங்க, அந்த ரப்பர் பேண்ட் ஒட்டிக்கிட்டு இருந்தா இழுத்துப் பிய்க்காதீங்க, காஞ்சிருந்தா தானா நொறுங்கும். ராமபாணப் பூச்சி இருக்கான்னு ஒவ்வொரு அட்டையோட ஓரத்தையும் பாத்துட்டு வெள்ளைத் தாள் கவர்ல தனித்தனியாப் போட்டு வைங்க. கொடி மடிப்புலயே பிஞ்சு போகும், மடிக்காம ஒரு பருத்தித் துணியோட உருட்டி வைங்க, துவைக்க வேண்டாம்.

மூணாவதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு. பாட்டிய உக்கார வச்சு போன்ல பேச வைங்க. எந்த ஸ்டேஷன், எந்த வருசம், காலைல எத்தன மணிக்குக் கெளம்புவாரு, சோத்து டப்பாவுல என்ன எடுத்துட்டுப் போவாரு, மண்ணு சரிஞ்சு வண்டி நின்ன ராத்திரி எப்ப வந்தாரு, இதெல்லாம். ஒரு சின்ன ஊர் மியூசியத்துல, எந்த ஊர்னு வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள இதே மாதிரி டோக்கன் உருண்டை வச்சிருந்தாங்க, கீழ "பழைய இரும்புப் பந்து"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. பள்ளிக்கூடப் பசங்க வரிசையா வந்து பாத்துட்டு ரெண்டு செகண்ட்ல தாண்டிப் போனாங்க. ஐயா மேல எழுதுனாரே, மழையில பந்தத்தப் புடிச்சுக்கிட்டு வளையத்த நீட்டுறது, அது ஒரு பத்தி அங்க ஒட்டியிருந்தா அந்தப் பசங்க அங்கேயே நின்னிருப்பாங்க. பொருளக் குடுக்குறவங்க கதைய எழுதிக் குடுக்கலன்னா மியூசியத்துல யாருக்கும் அது தெரிய வழியே இல்ல.

ஒரே ஒரு விஷயத்துல குன்னூர் அண்ணனோட ஒத்துப் போக முடியல. உருண்டை சமவெளி லைனோடது, மலை ரயிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அது திருச்சிக்குப் போறதுதான் பொருத்தம். சவுத் இந்தியன் ரயில்வேயோட தலைமையிடமே அங்கதான் இருந்துச்சு, அந்தக் காலத்துப் பொருளோட சேந்து இருந்தா அர்த்தமா இருக்கும்.

லைன்கிளியர்:

பிரிக்க வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது. டோக்கன் உருண்டை திருச்சிக்குப் புதுசு இல்ல, அங்க போனா ஏற்கனவே இருக்குற சாமானோட இதுவும் ஒண்ணுன்னு நிக்கும். ஆனா ஒரே மனுசன் பொள்ளாச்சி லைன்ல டோக்கன் நீட்டிட்டு மலைக்கு வந்து கொடி புடிச்சாருன்னு ஒரு பெட்டி முழுசா ஒரு இடத்துல இருந்தா அது ஒரு ஆயுசு. 1992ல இருந்து கேஜ் மாத்துற வேலை ஆரம்பிச்சு, அந்த லைன் எல்லாம் அகலப் பாதை ஆயிருச்சு. நான் வேலை பாத்த ஸ்டேஷன்ல ஒண்ணுல இப்ப பழைய கட்டிடமே இல்ல. மீட்டர் கேஜ் இன்னிக்கும் தினம் ஓடுறது நம்ம பக்கத்துல மலை ரயில் ஒண்ணுதான், அங்க வைக்குறதுல தப்பே இல்ல. டிரங்க் பெட்டியையும் சேத்துக் குடுங்க, மூடியில அவரு பேரு எழுதியிருந்தா அழிக்காதீங்க.

பேராதனை_வண்டி:

இலங்கையிலிருந்து எழுதுறன். உங்கட கதை வாசிக்கச் சந்தோஷமா இருந்தது. எங்கட பக்கம் கடுகண்ணாவையில ரயில் நூதனசாலை (மியூசியம்) இருக்குது, கொழும்பில இருந்து கண்டிக்குப் போற வழியில ஒரு சின்ன ஊர்தான். முதல் ரயில் ஓடி 150 வருஷம் ஆன நேரம், 2014 டிசம்பரில அங்க திறந்தவை. கொழும்பு - அம்பேபுஸ்ஸ முதல் ஓட்டம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி. ரம்புக்கனையில இருந்து கடுகண்ணாவைக்கு ஏறுற ஏத்தம் 45க்கு 1, உங்கட மலை ரயிலோட ஒப்பிட்டால் சின்னன் எண்டாலும் பல்சக்கரம் இல்லாமலே அகலப் பாதை வண்டி ஏறுது.

நான் சொல்ல வந்த விஷயம் வேற. லைன்கிளியர் ஐயா சொன்ன டோக்கன் வேலை எங்கட மலைநாட்டுப் பாதையில இண்டைக்கும் நடக்குது, உருண்டை இல்லை, வட்டத் தகடு, நாங்கள் டப்லட் எண்டு சொல்லுவம். வளையத்தில போட்டு றைவருக்குக் குடுக்கிறதை ஸ்டேஷனில நிண்டு கண்ணால பாக்கலாம். நூதனசாலையில கண்ணாடிக்குள்ள பாத்த சாமானைப் பிறகு வண்டியில போகேக்க வேலையில பாத்தால் பிள்ளையளுக்கு உடன விளங்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இப்பவும் அந்த வேலையில இருக்கிறார். உங்கட உருண்டைக்குப் பக்கத்தில ஒரு சின்ன வீடியோ போட்டுக் காட்ட வேணும் எண்டால் டப்லட் மாத்துறதை எடுத்து அனுப்புறன், அனுமதி கேட்டுத்தான் எடுப்பன்.

குன்னூர்_குளிர்:

அந்த வீடியோ வந்தா அருமையா இருக்கும்ங்க. அட்டைடிக்கெட் தம்பி, உருண்டை விசயத்துல ஐயா சொல்றதுதான் எனக்கும் சரியாப் படுது. ஆனா லெட்டர், ரெஜிஸ்டர் எல்லாம் நீங்க சொன்னபடியே பண்ணணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. மேடம், குடுக்கப் போற அன்னிக்குச் சொல்லுங்க, நான் குன்னூர்ல இருந்து கீழ வந்துர்றேன். மியூசியம் எத்தன மணிக்குத் தெறப்பாங்கன்னு மட்டும் முன்னாடியே ஸ்டேஷன்ல கேட்டுருங்க.

காரமடைக்காரி:

எல்லாத்தையும் ஒண்ணாவே குடுக்குறோம், தம்பியும் ஒத்துக்கிட்டான். ஸ்டேஷன்ல இருந்து ஆளுங்க வந்து டப்பிய மணல் போட்ட வாளியில வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாட்டி பேசுனத ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சாச்சு, மண்ணு சரிஞ்சு ரன்னிமேடுல ராத்திரி முழுக்க வண்டி நின்ன கதை வந்திருக்கு, பயணிங்களுக்குக் கட்டஞ்சாயா வச்சுக் குடுத்தாங்களாம். கொடிக்குக் கீழ வைக்க ஒரு குறிப்பு எழுதியிருக்கேன், திருத்துறது இருந்தா சொல்லுங்க:

"பிரேக்ஸ்மேன் கைக்கொடிகள், சிவப்பும் பச்சையும். மலை ரயிலில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம் நிற்பதால் ஏறும்போது டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. முன் பெட்டியில் நிற்பவர் இந்தக் கொடியைக் காட்ட, அடுத்தடுத்த பெட்டிகளில் உள்ளவர்கள் பார்த்துக் காட்டி டிரைவருக்குச் சேர்ப்பார்கள். பச்சைக் கொடி வெளுத்திருப்பது மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் பயன்பட்டதால்."

லைன்கிளியர்:

நல்லா இருக்கும்மா. விசிலையும் இதுலயே சேத்துருங்க, வளைவுல கொடி தெரியாத இடத்துல விசில்தான் வேலை செய்யும். அப்புறம் தாத்தா பேரு, பிரேக்ஸ்மேன்னு பதவி, எந்த வருசத்துல இருந்து எந்த வருசம் வரைக்கும்ங்குறத குறிப்போட மேல மொதல் வரியாப் போடுங்க.